பதினாறு பேர், ஒரு வழிகாட்டி: கலாபகோஸ் கடலில் ஒரு சிறு கப்பலின் பகற்பொழுது

தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் மீதே கிடக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில், உல்லாசக் கப்பல் என்ற சொல்லுக்குப் பிற கடல்களில் வழங்கும் பொருள் பொருந்துவதில்லை. கரீபியன் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து, நீச்சல் குளமும் நாடக அரங்கும் கடைவீதியுமாக மிதக்கும் நகரங்களே அப்பெயரால் அறியப்படுகின்றன. இங்கோ ஒரு கப்பல் ஏற்றக்கூடிய பயணிகளின் உச்ச எண்ணிக்கை 100 என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது, அவற்றிலும் பல 16 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. அக்கப்பல் எந்த நாளில், எந்தத் தீவின் எந்த முனையில், எத்தனை மணிக்கு நங்கூரமிட வேண்டும் என்பதைக் கப்பல் தலைவரோ பயண நிறுவனமோ தம் விருப்பப்படி முடிவு செய்ய இயலாது. தேசியப் பூங்கா நிர்வாகம் ஒப்புதல் அளித்த பயணத் தடத்திலிருந்து விலகினால் உரிமமே ஆட்டம் காணும். ஆகவே இத்தீவுகளில் ஒரு சிறு கப்பலின் ஒருநாள் வாழ்க்கையை விவரிப்பது, பயணிகளின் மகிழ்ச்சியை மட்டுமன்றி, அந்த மகிழ்ச்சிக்கு வேலி கட்டிய விதிகளையும் சேர்த்தே விவரிப்பதாகும்.

அந்த வேலி ஒரே நாளில் எழுந்ததன்று. சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து நூறாண்டு நிறைந்த 1959இல், மக்கள் குடியேறிய சிறு பகுதிகள் நீங்கலாகத் தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காட்டை எக்குவடோர் அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1978இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் முதற்பட்டியலை வெளியிட்டபோது அதில் இத்தீவுகளும் இடம்பெற்றன. 1998இல் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம், பெருநிலத்திலிருந்து வந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்தியதோடு, தீவுகளைச் சூழ்ந்த 1,30,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் காப்பகமாக்கியது. 2012இல், ஒருசில விதிவிலக்குகள் தவிர, ஒரு கப்பல் ஒரே தளத்துக்குப் பதினான்கு நாள்களுக்குள் இரண்டாம் முறை வரலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பூங்காவின் உரிமம் பெற்ற இயற்கையியல் வழிகாட்டி இன்றி எவரும் கரையேற முடியாது. ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் பதினாறு பேருக்கு மேல் செல்லவும் கூடாது. பதினாறு படுக்கைகள் கொண்ட கப்பல்கள் இங்கே மிகுந்திருப்பது இக்கணக்கோடு ஒத்துப்போகிறது. சிறு கப்பல் என்பது விளம்பர ஏடுகள் சொல்வதுபோல ஒரு ரசனையோ அறநெறியோ அன்று. சட்டம் சிறிதாக வைத்திருப்பதால்தான் அது சிறிதாக இருக்கிறது.

தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில், இசபெலா, ஃபெர்னாண்டினா என்னும் இரு தீவுகளுக்கு இடையே ஓடும் பொலிவார் கால்வாயில் கழியும் நாளே இப்பயணங்களில் மிகச் செறிவானது என்பதால், அந்த நாளை இங்கே எடுத்துக்கொள்வது தகும். விடியலில் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவரின் கண்ணுக்கு முதலில் தெரிவது ஃபெர்னாண்டினாவின் லா கும்ப்ரே எரிமலையே. 1,476 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் தோற்றம் கவிழ்த்த தட்டைப் போன்றது. நீர்போல் இளகிய எரிகுழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததால் உருவான இவ்வகை மலைகளைப் புவியியலார் கேடய எரிமலைகள் என்பர். தீவுகளைப் படைத்தது புவியின் ஆழத்திலிருந்து வெப்பக் குழம்பு மேலெழும் ஒரு வெப்பப்புள்ளி. அதன் மேலே நாஸ்கா புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கிழக்கு நோக்கி நகர்வதால், கிழக்கே உள்ள தீவுகள் முதியனவாகத் தேய்ந்து தாழ, மேற்கே உள்ள ஃபெர்னாண்டினா இளமையும் சீற்றமுமாய் நிற்கிறது. லா கும்ப்ரே மிக அண்மையில் குமுறியது 2024 மார்ச்சில். அந்த வாரங்களில் இவ்வழியே வந்த கப்பல்களின் பயணிகளுக்கு இரவில் விளக்கணைத்து உட்கார்ந்து மலையைப் பார்ப்பதைவிட வேறு கேளிக்கை தேவைப்பட்டிராது.

வெப்பமண்டலத் தீவு என்றதும் மனத்தில் எழும் தென்னந்தோப்பும் இளஞ்சூடான நீரும் இங்கே இல்லை. கரை கறுத்த பாறை. கடல் பல மாதங்களில் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்து கிடக்கும். தெற்கிலிருந்து பெரு நாட்டுக் கரையோரமாக வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் இதற்கு ஒரு காரணமாயினும், மேற்குத் தீவுகளைப் பொறுத்தவரை உண்மையான படியளப்பவர் கிராம்வெல் நீரோட்டமே. மேற்பரப்புக்கு அடியில், ஆழத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் இந்த ஆறு, ஃபெர்னாண்டினா, இசபெலா ஆகியவற்றின் அடிவாரத்தில் மோதி மேலெழும்போது, ஆழ்கடலின் குளிர்ச்சியோடு உரச்சத்துகளையும் வெயில் படும் பரப்புக்குக் கொண்டுவருகிறது. அதனால் பாசியும், பாசியால் மீனும், மீனால் பறவையும் பெருகுகின்றன. நிலநடுக்கோட்டில் பென்குயின் வாழ்கிறது என்ற வியப்புக்குரிய செய்தியின் விளக்கம் பெரும்பாலும் இந்த நீரோட்டத்தில் அடங்கியிருக்கிறது.

காலை உணவுக்குப் பின் பயணிகள் காற்றடைத்த சிறு மோட்டார் படகுகளில் இறங்குகின்றனர். மாலுமிகள் அப்படகை 'பங்கா' என்று அழைப்பர். பாறையிலோ படித்துறையிலோ கால் நனையாமல் ஏறுவதை உலர் இறக்கம் என்றும், கணுக்கால் அளவு நீரில் குதித்து மணலுக்கு நடப்பதை ஈர இறக்கம் என்றும் பிரித்துச் சொல்வது இங்கே வழக்கு. ஒரு தீவின் விதையோ மண்ணோ மறுதீவுக்குச் செல்லாதிருக்கக் காலணிகள் ஒவ்வொரு முறையும் கழுவப்படுகின்றன. உணவுப் பொருள் எதுவும் கரைக்குச் செல்வதில்லை. ஒளிரும் கேமரா விளக்குக்கு அனுமதியில்லை. எந்த விலங்கிடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஃபெர்னாண்டினாவின் பரப்பு 642 சதுர கிலோமீட்டர். அதில் பயணிகள் கால் வைக்கும் தளம் எஸ்பினோசா முனை என்னும் எரிகுழம்புத் துண்டு ஒன்றே. அலையாத்திச் செடிகளுக்கு இடையே இறங்குபவர்கள் குறியிட்ட தடத்தை விட்டு விலகாமல் நடக்க, உறைந்து சில காலமே ஆன பாறைப் பிளவுகளில் எரிகுழம்புக் கள்ளி என்னும் சிறு கள்ளியினம் விரல்களை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேறு செடி எதுவும் வேரூன்றத் துணியாத இடத்தில் முதலில் குடியேறுவது அதுவே.

எஸ்பினோசா முனையின் குடிமக்கள் கடல் இகுவானாக்கள். உலகில் கடலில் இரைதேடும் ஒரே பல்லியினமான இவை, நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று கால்போட்டுக் கிடக்கும்போது, பாறை எது உடல் எது என்று பிரித்தறியச் சற்று நேரம் பிடிக்கும். கறுப்பு நிறம் இவற்றுக்கு அலங்காரமன்று, அடுப்பு. கடற்பாசியை மேய்வதற்காகக் குளிர்நீரில் மூழ்கும் பெரிய ஆண்கள் உடல் வெப்பத்தை விரைவாக இழப்பதால், கரையேறியதும் வெயிலைக் குடித்துச் சூடேறினால்தான் செரிமானமும் ஓட்டமும் அவற்றுக்குக் கைகூடும். சிறியனவும் பெண்களும் பெரும்பாலும் ஆழத்துக்குச் செல்லாமல், நீர் வற்றும் வேளையில் தலைகாட்டும் பாறைகளிலேயே மேய்கின்றன. உட்கொண்ட உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி பிரித்தெடுக்க, இகுவானா அதைத் தும்மி வெளியேற்றுகிறது. தலையில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு இந்தத் தும்மலின் வண்டல். இக்கூட்டத்தின் குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவந்து பாம்புக் கூட்டத்தின் நடுவே உயிர்தப்பி ஓடும் காட்சியை, 2016இல் பிபிசி ஒளிபரப்பிய 'பிளானட் எர்த் 2' தொடர் இத்தீவில்தான் படமாக்கியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு நேரில் கிடைப்பது பெரும்பாலும் அசையாமல் வெயில் காயும் உடல்களே என்பதும், அந்த அசைவின்மையே இவ்விலங்கின் வாழ்க்கையில் பெரும்பகுதி என்பதும் சொல்லப்பட வேண்டியவை.

இவ்விலங்குகள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. பெருநிலத்தோடு ஒருபோதும் இணைந்திராத இத்தீவுகளை நீந்தியோ மிதந்தோ பெரிய ஊனுண்ணிப் பாலூட்டிகள் அடைந்ததில்லை. நிலப்பாலூட்டிகளில் வௌவாலும் நெல்லெலி வகையைச் சேர்ந்த சிற்றெலிகளுமே இயல்பாக இங்கே உண்டு. ஆகவே, தரையில் நடந்து வரும் பெரிய உருவத்துக்கு அஞ்ச வேண்டும் என்ற பாடம் இவற்றின் பரம்பரையில் பதியவில்லை. 1535இல் பனாமாவிலிருந்து பெருவுக்குச் செல்கையில் காற்றின்றி நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டு இத்தீவுகளைக் கண்ட ஆயர் தோமாஸ் தே பெர்லாங்கா, பறவைகள் கையால் பிடிக்கும் அளவுக்கு மதியற்றிருந்ததாக மன்னருக்கு எழுதினார். அதே ஆண்டிலிருந்து சரியாக முந்நூறு ஆண்டு கழித்து, 1835 செப்டம்பரில் 'பீகிள்' கப்பலில் வந்து ஐந்து வாரம் தங்கிய இளைஞர் டார்வின், ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் கிளையிலிருந்து தள்ளிவிட்டதையும், ஒரு கடல் இகுவானாவை மீண்டும் மீண்டும் நீரில் வீசி அது தாம் நின்ற இடத்துக்கே திரும்புவதைக் கவனித்ததையும் தம் குறிப்புகளில் ஒளிக்காமல் பதிந்திருக்கிறார். இன்றைய 2 மீட்டர் விதியின்படி அவர் முதல் நாளிலேயே கப்பலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். அவர் கரையிறங்கிய நான்கு தீவுகளுள் ஃபெர்னாண்டினா இல்லை.

முனையின் ஓரத்தில், அலை தெறிக்கும் விளிம்பில், பறக்கும் ஆற்றலை இழந்த நீர்க்காகம் கூடு கட்டுகிறது. உலகின் பிற நீர்க்காகங்கள் அனைத்தும் பறப்பன. இது மட்டும், துரத்த எதிரியும் தொலைதூரம் போகத் தேவையும் இல்லாத கரையில், தலைமுறை தலைமுறையாகச் சிறகைச் சுருக்கி, நீந்துவதற்கான உடலைப் பெருக்கிக்கொண்டது. பறப்பதற்கு வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சிய அந்தக் கந்தல் சிறகுகளை, நீரிலிருந்து ஏறியதும் தன் முன்னோர் செய்ததுபோலவே விரித்து உலர்த்தும் பழக்கத்தை மட்டும் அது விடவில்லை. கரைக்கு வரும் ஆண் பறவை, கூட்டில் இருக்கும் துணைக்குக் கடற்பாசிக் கற்றை ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பதும், அது அக்கற்றையைக் கூட்டில் செருகுவதும் பயணிகள் நெடுநேரம் நின்று காணும் காட்சி. இப்பறவை ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவின் கரையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

முற்பகலின் பிற்பாதி நீருக்கு உரியது. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடி கீழே நோக்கும் ஸ்நார்கலிங் என்னும் முறையில், குளிர்காப்பு ஆடை அணிந்த பயணிகள் பங்காவிலிருந்து இறங்குகின்றனர். தமிழ்க் கடற்கரையில் பேராமை எனப்படும் பச்சைக் கடலாமைகள், ஆள் பக்கத்தில் வந்தாலும் பொருட்படுத்தாமல் பாசி மேய்கின்றன. இளம் கடற்சிங்கங்களோ பொருட்படுத்துவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கி, முகக்கண்ணாடிக்கு அருகில் வந்து குமிழி விட்டுத் திரும்புகின்றன. விதி இங்கே ஒருதலையானது: விலகி நிற்கும் கடமை மனிதனுக்கு மட்டுமே, விலங்குக்கு இல்லை. அரை மீட்டர் உயரமே உள்ள கலாபகோஸ் பென்குயின் சில வேளைகளில் அம்புபோல் குறுக்கே பாய்ந்து மீன் கூட்டத்தைக் கலைக்கும். இசபெலாவின் வடமுனை நிலநடுக்கோட்டைத் தாண்டி நீண்டிருப்பதால், வட அரைக்கோளத்தில் இயல்பாக வாழும் ஒரே பென்குயின் என்ற பெயரும் இதற்கு உண்டு.

இந்தச் செழிப்பு ஒரு நீரோட்டத்தின் தயவில் நிற்பது என்பதால், அது தடுமாறும் ஆண்டுகளில் எல்லாமே சரிகின்றன. பசிபிக் கடலின் வெந்நீர் கிழக்கே பரவிக் குளிர்நீர் மேலெழுவதைத் தடுக்கும் எல் நினோ நிகழ்வு 1982-83இல் கடுமையாகத் தாக்கியபோது, பென்குயின்களின் எண்ணிக்கை 77 விழுக்காடும், பறக்காத நீர்க்காகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. கடல் இகுவானாக்கள் இப்பஞ்சத்துக்கு வியப்பான ஒரு மாற்று கண்டுவைத்திருக்கின்றன: உடல் மெலிவதோடு நில்லாமல், அவற்றின் நீளமே ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்குவதையும், பாசி மீண்டும் வளர்ந்தபின் நீள்வதையும் ஆய்வாளர்கள் அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிறிய உடலுக்குச் சிறிய உணவு போதும் என்ற கணக்கை எலும்பையே சுருக்கித் தீர்க்கும் இவ்வுயிரியைப் பார்க்க அருவருப்பானது என்று எழுதிய டார்வினின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யலாம்.

நண்பகலில் கப்பல் கால்வாயைக் கடந்து இசபெலாவின் டேகஸ் குடாவுக்குச் செல்கிறது. 1814இல் வந்த பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய இக்குடாவின் பாறைச் சுவர்களில், நின்று சென்ற கப்பல்களின் மாலுமிகள் தம் கலங்களின் பெயர்களைக் கீறியும் பூசியும் வைத்திருக்கின்றனர். அவற்றுள் மிகப் பழையது 1836ஆம் ஆண்டினது என்பர். இன்று அவ்வாறு எழுதுவது குற்றம். பழைய கிறுக்கல்களோ வழிகாட்டிகள் விளக்கிச் சொல்லும் வரலாறு. பிற்பகல் வெயில் தணிந்தபின் மரப்படிகளில் ஏறி நடப்பவர்கள், எரிமலைச் சாம்பல் இறுகிய கிண்ணத்துக்குள் கிடக்கும் டார்வின் ஏரியை அடைகின்றனர். கடலுக்கு மிக அருகில் இருந்தும் அதன் நீர் கடலைவிட உப்பானது.

மேட்டிலிருந்து தெரியும் எரிமலைச் சரிவுகளின் அமைதி, மிக விலையுயர்ந்த ஒரு பணியின் பயன். பெருநிலத்திலிருந்து மனிதர் கொண்டுவந்த ஆடுகள் இசபெலாவின் வடபகுதிக்குப் பரவி, நிலத்து ஆமைகளுக்கு உணவும் நிழலும் தந்த செடிகளை மொட்டையடித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த 'இசபெலா திட்டம்', ஹெலிகாப்டரிலிருந்து சுடுவோரைக் கொண்டும், கழுத்தில் வானொலிக் கருவி கட்டிய 'யூதாஸ் ஆடு'களைக் கொண்டும், இங்கும் சாந்தியாகோ தீவிலுமாக 1,40,000க்கும் மேற்பட்ட ஆடுகளை ஒழித்தது. தனித்து விடப்பட்ட ஆடு தன் இனத்தைத் தேடிப்போய் மறைந்திருக்கும் மந்தையைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஓர் இனத்தைக் காக்க இன்னோர் இனத்தை இத்தனை பெரிய அளவில் கொல்வதை உறுத்தலின்றி ஏற்க முடியாது. ஆயினும் பசுமை திரும்பியதும் ஆமைகளுக்கு வாழ்விடம் மீண்டதும் உண்மை. ஆடோ எலியோ கொண்டுவரப்படாத ஃபெர்னாண்டினாவில், 1906இல் கிடைத்த ஒரே மாதிரியோடு அற்றுப்போனதாக எண்ணப்பட்ட ஆமையினத்தின் பெண் ஒன்று 2019இல் உயிரோடு கண்டெடுக்கப்பட்டு, 2021இல் மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. 'ஃபெர்னாண்டா' என்று பெயர் பெற்ற அது, காலையில் பயணிகள் நடந்த அந்த ஒற்றைத் தடத்துக்கு அப்பால், பயணிகள் எவரும் போகாத 600க்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டரில் எங்கோ, தன் இனம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அற்றுப்போகாதிருந்தது என்பதற்குச் சாட்சியாய் இருந்தது. தடத்தை விட்டு விலகலாகாது என்ற விதிக்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.

கப்பலும் குற்றமற்றதன்று. 2001 ஜனவரி 16இல் சான் கிறிஸ்டோபல் தீவருகே 'ஜெசிகா' என்னும் எண்ணெய்க் கப்பல் தரைதட்டி, ஆறு லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட எரியெண்ணெயைக் கடலில் கொட்டியது. அதிலிருந்த கனரக எண்ணெய் ஒரு சுற்றுலாக் கப்பலுக்காகக் கொண்டுவரப்பட்டது. காற்றும் நீரோட்டமும் பெரும்பகுதியை வெளிக்கடலுக்கு அடித்துச் சென்றதால் பேரழிவு தவிர்க்கப்பட்டதாக அன்று எல்லோரும் நிம்மதி கொண்டனர். ஆனால் மெல்லிய எண்ணெய்த் திரை தொட்ட சாந்தா ஃபே தீவில் அடுத்த ஓராண்டுக்குள் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மடிந்தன. இரவில் கப்பலின் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் அதிலேயே ஏறித் தீவு மாறுவதையும் ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர். ஒவ்வொரு கப்பலும் தான் காட்ட வந்ததை அழிக்கக்கூடிய பொருளையும் சேர்த்தே சுமக்கிறது.

இருந்தும், இன்றைய நெருக்கடி கப்பல்களிலிருந்து வருவதன்று. கப்பல் படுக்கைகளுக்குச் சட்டம் உச்சவரம்பு இட்டிருக்க, குடியிருப்புத் தீவுகளின் விடுதிகளில் தங்கி வேகப் படகுகளில் பகல் பயணம் போவோரின் கூட்டமே பெருகியிருக்கிறது. 1970களின் இறுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 ஆக இருந்த பயணிகளின் எண்ணிக்கை, 2023இல் 3,30,000ஐ நெருங்கியது. கட்டுக்கடங்காத குடியேற்றமும் சுற்றுலாவும் அயல் உயிரினங்களும் காரணமாக 2007இல் ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்த இத்தீவுகள், 2010இல் அதிலிருந்து நீக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. பல ஆயிரம் டாலர் கொடுத்துக் கப்பலேறும் செல்வருக்கு இந்த உயர்வு பொருட்டன்று. விடுதியில் தங்கிச் சிக்கனமாகப் பார்த்துச் செல்ல வந்தவருக்கே அது சுடும். விடுதியில் தங்குபவர் செலவிடும் பணம் உள்ளூர்க் கடைக்கும் படகோட்டிக்கும் நேரே போவதால், கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்வது எளிது, யாரைக் குறைப்பது என்று சொல்வது அரிது. கப்பலுக்கு இட்ட வரம்பை நிலத்துக்கும் இடும் துணிவு எக்குவடோர் அரசுக்கு இதுவரை வரவில்லை.

மாலை 6 மணிக்குள் கரையில் ஒருவரும் இருத்தலாகாது. கடைசிப் பங்கா கப்பலின் பின்புறம் ஏற்றிக் கட்டப்பட்டதும், பயணிகள் கூடத்தில் அமர்ந்து மறுநாளைய தளம் பற்றிய வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்கின்றனர். நங்கூரம் தூக்கிக் கப்பல் இசபெலாவின் கரையோரமாக வடக்கே திரும்புகையில், கடற்காக்கைகளில் இரவில் மட்டுமே இரைதேடும் ஒரே இனமான கவைவால் கடற்காக்கைகள், மேலெழும் கணவாய்களைப் பிடிக்க விளக்கொளியில் உடன் பறந்து வரக்கூடும். நள்ளிரவை ஒட்டி, பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருக்கையில், கப்பல் நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. எஸ்பினோசா முனை இனிப் பதினான்கு நாள் கழிந்த பிறகே அக்கப்பலுக்குத் திறக்கும்.